மேலது, ப. 112

உரைக்குப் பக்க எண் கேட்கிறார் நெறியாளர்.
பேசியது அவர்தான்.
தண்டையார்பேட்டை, தொழிற்சங்க அலுவலக மாடி,
மார்ச் பதினான்கு, மாலை ஆறரை.
நடுவில் கரண்ட் போய்
இருட்டில் நாலு நிமிஷம் பேசினார்.
என் நோட்டில் அந்த நாலு நிமிஷம்
வரிமேல் வரி ஏறிக் கிடக்கிறது.
அதற்குள்ளிருந்துதான் எடுத்தேன்:
'முகத்துவாரத்தில் அன்றைக்கு உப்பளக் குடும்பங்கள்
முந்நூற்று நாற்பத்து மூன்று.'

பேச்சை மேற்கோள் காட்ட வழி உண்டு.
பேசியவர், தலைப்பு, இடம், நாள்.
கொசுவுக்கும்
கொருக்குப்பேட்டை கேட்டில் நின்று ஊதிய கூட்ஸ் வண்டிக்கும்
வழி இல்லை.
'எதிலிருந்து எடுத்தீங்க சார்?'
'எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.'

எல்லாருக்கும் தெரிந்ததைத் தேடினேன்.
ஏழு ஆய்வேடுகள்.
ஏழிலும் முந்நூற்று நாற்பத்து மூன்று.
ஏழாவது ஆறாவதைக் காட்டியது,
ஆறாவது நாலாவதை,
நாலாவதில் 'மேலது' என்றிருந்தது.
மேலே பார்த்தால் அங்கேயும் மேலது.
ஏறி ஏறிப் போய்
கோ. பூங்காவனம், 1994,
அச்சிடப்படாத முனைவர் பட்ட ஆய்வேடு, ப. 112.
பார்வையிட்டோர் பதிவேட்டில் ஒரே கையெழுத்து.
ஏழு பேரில் எவருடையதும் இல்லை.

நன்றியுரையில் இருந்த தெருப்பெயரை வைத்து
மூன்று வீடு விசாரித்துக் கண்டுபிடித்தேன்.
காசிமேட்டில் ஓர் ஐஸ் கம்பெனியில்
கணக்கு எழுதுகிறார்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
'அதையா இன்னும் எழுதிக்கினு கீறீங்க?'
பார் ஐஸ் ஒன்று பலகையில் சறுக்கி வந்து
அரவைக்குள் விழுந்தது.
சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார்.

'அன்னிக்கு மழை.
தெற்குத் தெருவும் நடுத்தெருவும் எண்ணிட்டேன், வீடு வீடா,
இருநூத்திப் பன்னெண்டு.
வடக்குத் தெருவுக்குப் போற கரை அறுத்துக்கிச்சு.
படகுல போலாம்னா பையில எட்டு ரூவா.
மறுநாள் ஜுரம்.
அடுத்த வாரம் டைப்பிங்குக்கு குடுத்தாவணும்.
குத்துமதிப்பா நூத்தி முப்பத்தொண்ணு போட்டேன்.
நூத்தி முப்பதுன்னு போட்டா
குத்துமதிப்புன்னு தெரிஞ்சிடுமில்ல?'

என் மூன்றாம் இயல்
அந்த ஒன்றின்மேல் நிற்கிறது.
வரைபடம் இரண்டு, அட்டவணை நான்கு.

லாரிக்காரருக்கு பில் போட்டார்.
ஐம்பது பார். நாள், நேரம், வண்டி எண்.
'ஏறும்போது இருக்கிற எடைதான் பில்லுல வரும்.'
சொன்னது அவரிடம். என்னிடம் இல்லை.

இப்போது போய் எண்ணலாமா என்றேன்.
எதை என்பதுபோல் பார்த்தார்.
வடக்குத் தெரு இருந்த இடத்தில் சாம்பல் குட்டை.
கொக்குகூட கால் வைக்க யோசிக்கிறது.

கிளம்பும்போது கூப்பிட்டார்.
'வடக்குத் தெருவுல எனக்குத் தெரிஞ்சது ஒரே வீடு.
தனபாக்கியம்.
தண்ணி புடிக்க இந்தப் பக்கம் வந்துட்டு
கரை போனதால மாட்டிக்கினா.
எனக்குக் குடை குடுத்தா.
திருப்பித் தரல நான்.
அத வேணா ஒண்ணுன்னு எழுதிக்க.'

பழைய வண்ணாரப்பேட்டை டிடிபி கடையில்
இரவு பத்து மணிக்கு அடிக்குறிப்பு நாற்பத்தேழு:
வீடு வீடாக எண்ணியது இருநூற்றுப் பன்னிரண்டு.
தனபாக்கியம் வீடு ஒன்று.
மீதி, மழை.
கோ. பூங்காவனம், நேர்ப்பேச்சு, ஐஸ் கம்பெனி, காசிமேடு,
வெள்ளி, முற்பகல் பதினொன்று.

'மழைன்னே அடிக்கட்டுமாக்கா?
உங்க சார் ஒத்துப்பாரா?'
தெரியாது என்றேன்.
கீழே நாற்பத்தெட்டுக்கு
'மேலது' என்று பையன் விரல் பாட்டுக்கு ஓடியது.
நிறுத்தச் சொன்னேன்.
முழுசாய் அடி, தம்பி.
இனிஷியலோடு.