பொருள்

கொருக்குப்பேட்டையில் எங்கள் சந்தில்
மனு எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.
தண்ணீர் லாரி வராததற்கு, தெருவிளக்குக்கு,
மஸ்தான் வீட்டு வாசலில் பொங்கும் சாக்கடைக்கு,
பிலோமினாவின் விதவைப் பென்ஷனுக்கு.
தூங்குமூஞ்சி மரத்துக்கும்
நான்தான் எழுதினேன்.

முதலில் அது தூங்க மறந்தது.
சாயங்காலம் அஞ்சரைக்கு கேட் மூடி
சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டி போய் முடிவதற்குள்
ஜோடி ஜோடியாக இலையை மடித்துக்கொள்கிற மரம்.
அந்த ஆடியில்
வடிகால் பக்கத்துக் கிளை மட்டும்
இருட்டிய பிறகும் விரித்தபடியே கிடந்தது,
யாரும் கண்ணை மூடிவிடாத பிணம் மாதிரி.

வடிகாலுக்குத் தோண்டிய ஜேசிபி
என் தொடைப் பருமனுக்கு ஒரு வேரை அறுத்துப் போட்டிருந்தது.
ரெண்டு நாள் ஓரமாகக் கிடந்தது அது,
ஈரமாக.
ஒரு நாய் முகர்ந்துவிட்டுப் போனது.

கார்த்திகையில் அடிமரத்தில் காளான்.
தோசைத் திருப்பி அகலம், மேலே அரக்கு நிறம்,
விளிம்பில் மட்டும் வெள்ளை.
தட்டிப் பார்த்தால் பலகைச் சத்தம்.
"உள்ள பூந்துக்கிச்சி, ஆப்பீஸ்ல சொல்லிடும்மா"
என்றார் இஸ்திரி கோதண்டம்.
சொன்னவர் இடத்தை மாற்றவில்லை.
நிழல் பாதியானபோது
பாதி நிழலுக்கு வண்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

புயல் ராத்திரி
ஆஸ்பெஸ்டாஸுக்கு மேலே அது முனகியது.
தூளியில் பிள்ளை.
வாசலுக்கும் தூளிக்கும் விடிய விடிய நடந்தேன்.
விடிந்ததும் கடை திறக்கச் சொல்லி
ஒரு முழுத்தாள் வாங்கினேன்.

அனுப்புநர். பெறுநர். ஐயா.
பொருள்: அபாய நிலையில் உள்ள மரத்தை அகற்றுதல் தொடர்பாக.
வடிகால் தோண்டியதை எழுதினேன். காளானை எழுதினேன்.
ஸ்கூட்டி நிறுத்த நாங்கள்
அடிமரத்தைச் சுற்றி சிமெண்டு பூசியதை எழுதவில்லை.
பதினேழு வீடும் கையெழுத்துப் போட்டது.
கடைசியாகக் கோதண்டம்,
பெட்டியில் சூடு பார்க்கிற மாதிரி
மையைக் கட்டைவிரலால் தொட்டு எடுத்தார்.

ரம்பம் ரெண்டு தடவை நின்றது. ஆணி.
டியூஷன், டு-லெட், மூலம் பௌத்திரம், கண்ணீர் அஞ்சலி.
பலகைகள் எப்போதோ போய்விட்டன.
ஆணிகளை மட்டும் மரம்
உள்ளே இழுத்து வைத்துக்கொண்டிருந்தது.
மூன்றாவது தடவை ஒரு கொக்கி.
அதில் பச்சை நைலான் நுனி, விரற்கடை நீளம்.
என் கொடிக்கயிறு.
யாருடையது என்று கேட்டார்கள்.
டீ ஆறிவிடும் என்று சொன்னேன்.

அறுத்த வட்டத்தில் பாதி கறுப்பு.
பஞ்சாக இருந்தது, விரல் உள்ளே போனது.
என் வீட்டைப் பார்த்த மறுபாதி
ரம்பத்தைச் சூடாக்குகிற அளவுக்குக் கெட்டி.
"இந்தப் பக்கந்தாம்மா எல்லாத்தையும் தாங்கிக்கினு இருந்திருக்கு"
என்றான் அந்தப் பையன்,
கிளாசைத் திருப்பிக் கொடுத்தபடி.
விழுந்திருக்குமா என்று கேட்க வாயெடுத்தேன்.
லாரி ஸ்டார்ட் ஆகிவிட்டது.

இப்போது மத்தியானம் குடத்தைத் தொட்டால் சுடுகிறது.
கோதண்டத்துக்கு ரயில்வே சுவரோரம் ஒரு முழம் நிழல்,
பதினொரு மணி வரைக்கும்.
வீட்டுக்குள் தூசி.
அது தூசிதான், பூ இல்லை என்று
பெருக்கும்போது தினம் ஒருமுறை தெரிந்துகொள்கிறேன்.

பிலோமினா வந்திருக்கிறாள்.
வேர்க்கட்டையில் ஆட்டோ திரும்ப முடியவில்லையாம்,
பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்களாம்,
ஒரு மனு எழுதிக் கொடேன்.

தாளின் ஓரத்தை மடித்து மார்ஜின் விட்டேன்.
அனுப்புநர் எழுதினேன்.
பெறுநர் எழுதினேன்.
பொருள் என்று எழுதி
இரண்டு புள்ளி வைத்தேன்.

கேட் மூடுகிறார்கள்.
பெட்டி, பெட்டியாகப் போகிறது.
"எழுதேண்டி" என்கிறாள் பிலோமினா.
கடைசிப் பெட்டி இன்னும் வரவில்லை.