ஏலம் என்று தேடினால்

ஏலம் என்று தட்டினேன்.
பதினோராயிரத்து நாற்பது கோப்புகள் வந்து நின்றன,
போடிமெட்டில் மண் சரிந்த நாளின் ஜீப்புகள் மாதிரி
ஒன்றின் பின்னால் ஒன்று.
எதுவும் நகரவில்லை.

காயும் ஏலம். காயைக் கூவி விற்பதும் ஏலம்.
முப்பது வருடமாக இந்தக் கம்பெனியில்
யாருக்கும் இது குழம்பியதில்லை.
முகம் பார்த்துப் பேசுகிறவர்களுக்கு எது எதுவென்று தெரியும்.
கம்ப்யூட்டருக்கு முகமும் இல்லை, மூக்கும் இல்லை.

அதுவரை எதைத் தேடுவதானாலும்
எடைமேடை வீரணனைக் கேட்டிருக்கிறார்கள்.
"பச்சை பீரோ, ரெண்டாவது தட்டு,
டார்ச் லைட்டுக்கு அடியில" என்பாராம்.
கண் ஆபரேஷனுக்கு அவர் மதுரை போன வாரத்தில்
மூன்று லாட் காணாமல் போனது.
நான்காவது நாள் எனக்கு வேலை கிடைத்தது.

வண்டன்மேட்டுக் கிளையிலிருந்து ஷைனி
போனில் சிரித்தாள்:
"இவிடெ அது லேலமாணு. காய்தான் ஏலம்.
ஒரு ல் கடன் வேணுமா?"
வாங்கிக்கொண்டேன்.
அன்று சாயங்காலமே விற்பனைத் தாள்களின் தலையில்
லேலம் ஏறியது.
கணக்கர் ஒச்சப்பன் எழுத்துப்பிழை என்று
இரண்டு முறை திருத்தினார்.
மூன்றாம் முறை விட்டுவிட்டார்.

அப்புறம் ஞள்ளானி.
மேலே எழுதினால் ஞள்ளானி,
கீழே வந்தால் நல்லாணி,
பில் போடும் பையன் கையில் நள்ளானி.
ஒரே செடி, மலை இறங்க இறங்க
சட்டையை மாற்றிக்கொண்டு வருகிறது.
மூன்றையும் ஒரு கயிற்றில் கட்டினேன்.
ஸ்டோர் அதைவிட மோசம்.
தோட்டத்தில் அது காய் உலர்த்தும் கட்டிடம்,
ஆபீசில் பேனாவும் பினாயிலும் கிடக்கும் அறை.

மற்றவை என்றொரு ஃபோல்டர் இருந்தது.
எங்கே வைப்பதென்று தெரியாததெல்லாம் அங்கே:
சாக்கு பில், நாய்க்கடி ஊசிச் செலவு,
எட்டு மில்லி சல்லடையில் ஏழரை மில்லி விழுகிறதென்ற புகார்,
யார் கல்யாணத்துக்கோ அடித்த பத்திரிகை.
கம்பெனியிலேயே பெரியது அதுதான்.

வியாழக்கிழமை சிக் என்று தேடினேன்.
வெம்பின காய்க்கு இங்கே அந்தப் பெயர்.
எடை, விலை, லாட் எண் என்று இறங்கிய வரிசையில்
நடுவே ஒரு கடிதம்:
"சிக் லீவு வேண்டி. இருமல்.
இப்படிக்கு மூக்கம்மாள், காய் பொறுக்கும் அறை."
கீழே நாற்பது கிலோ சிக், கிலோ அறுநூற்றுப் பத்து.
அதன் கீழே சுருளியம்மாள். இருமல்.
லாட் நூற்றுப் பதினான்கு.
மறுபடி மூக்கம்மாள்.
லாட் நூற்று முப்பது. வேலுத்தாய்.
மறுபடி மூக்கம்மாள்.

தேதிவாரியாக அடுக்கச் சொன்னேன்.
முதல் கடிதம் வந்த மாதத்து மற்றவையைத் திறந்தேன்.
காய் உரசும் மெஷின் வாங்கிய பில் கிடந்தது.
தூசி உறிஞ்சும் குழாய்க்குத் தனி விலை.
அந்த வரியை மட்டும் யாரோ
நீலப் பேனாவால் அடித்திருந்தார்கள்.

என் வேலைப்படி அடுத்தது சுலபம்.
சிக் காய் இந்தப் பக்கம், சிக் லீவு அந்தப் பக்கம்,
மெஷின் பில் மாடியில்.
இனி ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாது.
பிசிறில்லாத அடுக்கு. மேனேஜர் மெச்சுவார்.

பிரித்தேன். சம்பளம் அதற்குத்தான்.
பிரித்த பிறகு ஒவ்வொன்றின் அடியிலும்
சின்ன எழுத்தில் சேர்த்தேன்:
காண்க, உரசும் மெஷின்.
காண்க, தூசிக் குழாய், அடித்த வரி.
காண்க, மூக்கம்மாள், பதினேழு கடிதம்.

நாளை லேலம்.
காலை ஏழுக்கே முதலாளி
சிக் விலை பார்க்க உட்காருவார்.
சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடுகிறது.
யாராவது இருமினால்கூட
இங்கே கேட்காது.