மூன்றாம் நம்பர் கவுன்டர்

ரூவியில், விசா மெடிக்கலில்,
மூன்றாம் நம்பர் கவுன்டர் என்னுடையது.
ஏழு மணிக்கே வரிசை வாசலைத் தாண்டியிருக்கும்.
சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே
முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.
பயம் ஊசிக்கல்ல.
எச்ஐவி, காமாலை, காசம்
ஏதோ ஒன்று பாசிட்டிவ் என்றால்
வட்டிக்கு வாங்கிய கடனோடு அடுத்த விமானம்.
நெகட்டிவ் என்றால்
தாளை நாலாக மடித்து
பனியனுக்குள் வைத்துக்கொண்டு போவார்கள்.
எட்டு வருடமாக இந்த ஊரில்
நான் சொல்லும் நல்ல சொல் அது ஒன்றுதான்.

முதலாவது, பத்தாம் வாரம்.
இரண்டாவது, பதினான்கு.
அதற்குப் பெயர்கூட வைத்திருந்தோம்,
இங்கே எழுதமாட்டேன்.
பிறகு ஒரு வெள்ளிக்கிழமை
இடது கெண்டைக்கால் கல்லாகிக் கிடந்தது.
பிறகு லூலூவில் வெண்டைக்காய் பொறுக்கும்போது
வலது கண்ணில் ஒரு திரை இறங்கி
ஏழு நிமிடம் கழித்து ஏறியது.
வெண்டைக்காயை அங்கேயே விட்டு வந்தேன்.

பால் என்றால்
ஒரு கரண்டி மோர் ஊற்ற வேண்டும் உறைய.
என் ரத்தத்தில் யார் ஊற்றினார்கள்?

சோதனை மூன்று விதம்.
பன்னிரண்டு வாரம் பொறுத்து
மறுபடி அதே மூன்று.
ஷைனிதான் எடுத்தாள், என் நரம்பு அவளுக்குத் தெரியும்.
மாதிரி வழியில் கெட்டிருக்குமோ என்று
ஒரு தடவை நானே
இடது கையால் வலது கையில் குத்தி எடுத்து
ஐஸ் பெட்டியை மடியில் வைத்து
டாக்ஸியில் கொண்டுபோனேன்.
நெகட்டிவ். நெகட்டிவ்.
"நல்ல விஷயம்தானே" என்றார் முதல் டாக்டர்.
அடுத்தவர் தூக்க மாத்திரை எழுதினார்.
மூன்றாமவர் அருளப்பனிடமே பேசினார்,
நான் அறையில் இல்லாத மாதிரி.
இன்சூரன்ஸ்காரர்கள் ஆதாரம் கேட்டார்கள்.

அந்த நாட்களில்
நான் பஞ்சை அழுத்தி அனுப்பிய கைகளெல்லாம்
தூக்கத்தில் வரிசை கட்டி நின்றன.
எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்,
ஒன்றுமில்லை, போங்கள் என்று.

குப்ராவில் டாக்டர் இஹ்சான், சூடான்காரர்.
கொண்டுபோன ரிப்போர்ட்டுகளை வாங்கி
மேசையில் கவிழ்த்து வைத்தார்.
ஏசியைக் கூட்டிவிட்டு, காலைப் பார்க்கணும் என்றார்.
முழங்காலுக்கு மேலே ஊதா நிறத்தில்
மீன் வலை விரித்தாற்போல் கோடுகள்.
குளிர்ந்தால் தெரியும், சூட்டில் மறையும்.
தோலின் குணம் என்று விட்டிருந்தேன்.
"எவ்வளவு நாளாக?"
"கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே."
அந்த வலையைத் தொடாமல்
காற்றில் விரலால் வரைந்தார்.
"நமக்குத் தேடத் தெரிந்ததைத்தான் மெஷினும் தேடும்.
உங்கள் கால், உங்கள் கண்,
உங்கள் இரண்டு பிள்ளைகள்.
எனக்கு இது போதும்."

பிள்ளைகள் என்றார்.
அதுவரை எல்லோரும்
கலைந்தது என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

நோயின் பெயரை எழுதினார், ஒரு வரி நீளம்.
கொஞ்சம் யோசித்து, அதற்கு முன்னால்
இன்னொரு சொல்லைச் சேர்த்தார்: சீரோநெகட்டிவ்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
டாக்டர் தண்ணீர் கொடுத்தார்,
அழுகிறேன் என்று நினைத்து.
கொஞ்சம் அதுவும்தான்.

இப்போது இரவு எட்டு மணிக்கு வார்ஃபரின்.
முருங்கைக்கீரை என்றால் அளந்து ஒரு கைப்பிடி.
எலி மருந்தும் இதே ஜாதிதான் என்று
எங்கோ படித்துவிட்டு வந்த அருளப்பன்
சிரிக்க வைக்கப் பார்த்தார்.
சோஹாருக்கு லோடு ஏற்றப் போகிறவர்
அன்று கிளம்ப ஒரு மணி நேரம் பிந்தினார்.
இன்னொரு பிள்ளை வேண்டுமென்றால்
மாத்திரையை நிறுத்தி, தினமும் வயிற்றில் ஊசி.
அதைப் பற்றி நாங்கள் இன்னும் பேசவில்லை.
இன்சூரன்ஸ் மறுபடி மறுத்துவிட்டது.

இன்று காலை, செந்துறைப் பையன் ஒருவன்.
மீசை இப்போதுதான் அரும்புகிறது.
"நெகட்டிவ் வந்தா ஒண்ணுமில்லைதானே, அக்கா?"
"விசாவுக்கு ஒண்ணுமில்ல" என்றேன்.
ரத்தம் நின்று வெகுநேரமாகியும்
பஞ்சிலிருந்து விரலை எடுக்கவில்லை.
பின்னால் நின்றவர் இருமினார்.