ஐந்தாவது விநாடி

ஒலிக்கலவை மேசையில் எனக்கு ஒரே ஒரு சட்டம்:
காற்றில் ஐந்து விநாடி சத்தமில்லாமல் போனால்
இயந்திரம் தன்பாட்டில் விளம்பரம் போடும்.
கிளிநொச்சியைச் சுற்றி நாற்பது மைலுக்கு
மௌனம் ஒலிபரப்ப எங்களுக்கு அனுமதிப்பத்திரம் இல்லை.

கஜந்தினி அக்கா வந்த முதல் நாள் இதைச் சொன்னேன்.
"தண்ட எறிதலுக்கும் அஞ்சுதான்" என்றா,
கதவு நிலையில் நெற்றி இடிக்காமல்
குனிந்து வரப் பழகியவ.

அவவின் விபரக்கோவை என் மேசையில் கிடக்கிறது.
பாடசாலை அணி. பிறகு
இரண்டாயிரத்து ஆறிலிருந்து பத்து வரை
ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே கட்டுநாயக்கா,
ஆடைத் தொழிற்சாலையின் கூடைப்பந்து அணி, எட்டு வருடம்.
சம்பளச் சிட்டையில் பதவி: நூல் வெட்டுபவர்.
ஒரு நூலும் வெட்டியதில்லையாம்.
காலையில் ஐந்நூறு எறிதல், மாலையில் முந்நூறு.
மற்றப் பெட்டையள் குனிந்து தைக்கிற மண்டபத்தை
அவர்கள் தைத்த கால்சட்டையோடு கடந்து போக
வெட்கமாயிருக்கும் என்றா.

கடைசி வருடம் இடது முழங்கால்.
"விறகு முறியிற சத்தம்.
ஆரோ கதிரையை உடைச்சிட்டினம் எண்டு
நானும் திரும்பிப் பாத்தன்."

பயிற்சியாளராக அவவை எனக்குத் தெரியாது.
தெரிந்தவர்கள் சொல்வது ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.
பொல்லாத மனிசி. இல்லை, கோபமே வராது.
மாரியில் பாசி பிடித்த சீமெந்துத் தரையைக்
கல்லுப்புப் போட்டுத் தேய்த்தவ.
வலை கேட்டு வலயக் கல்விக்குப் பதினொரு கடிதம்.
நாலு வருடம் முடிய
சம்பளம் வராத மாதங்களை எண்ணிப் பார்த்துவிட்டு
எங்கள் நிலைய வாசலில் வந்து நின்றா.

கேட்பவர்களில் பாதிப் பேர் கூடைப்பந்தைக் கண்டதில்லை.
துணுக்காயிலிருந்து தம்பிராசா அண்ணை எடுத்தார்,
வயலுக்கு மருந்தடித்தபடி:
"பிள்ளை, அந்த வளையம் எவ்வளவு உயரம்?"
"உங்கட கிணத்துக் கப்பிக்கு மேல இன்னொரு கப்பி."
"வாய் அகலமோ?"
"ஒரு வாளி போகும். ரெண்டு வாளி இடிபடும்."

அன்றிலிருந்து பந்து விழுந்தால் "கிணத்துக்க!"
எதிரணி வேகமெடுத்தால் "இரணைமடு வான் பாயுது!"
பலகையில் பட்டுத் திரும்பும் பந்துக்கு மட்டும்
அவவிடம் உவமை இல்லை.
"திரும்பி வந்திட்டுது" என்பா,
குரலைத் தாழ்த்தி, வீட்டில் ஒருவரைச் சொல்வதுபோல.

மாகாண இறுதி. யாழ்ப்பாணத்தோடு.
அக்கா விட்டுவந்த அணி இரண்டு புள்ளி பின்னால்,
மூன்று விநாடி மிச்சம்,
டிலக்சனாவுக்கு இரண்டு தண்ட எறிதல்.
புதுப் பயிற்சியாளர் ஓரத்தில் நின்று
எதையோ கத்துகிறார்.
நடுவர் பந்தைக் கொடுத்தார். அக்கா வாயைத் திறந்தா.
இரண்டு விநாடி.
டிலக்சனா பந்தைத் தரையில் தட்டினாள். மூன்று.
கதையுங்கோ என்று கையைக் காட்டினேன்.
நான்கு.

விதைநெல் விளம்பரம்.
"உறுதியான முளைதிறன்" என்று ஒருவர் வன்னி முழுக்க முழங்க
நான் பொத்தானைத் தேடினேன், பிழையானதை அமத்தினேன்,
எங்கோ சேமித்திருந்த மழைச் சத்தம் ஒன்று
நெல்லோடு சேர்ந்து பெய்தது.
நிமிர்ந்தபோது அக்காவின் வலக்கை
தலைக்கு மேலே,
மணிக்கட்டு முன்னால் மடிந்து, விரல்கள் கீழ்நோக்கி,
எறிந்து முடித்தவளின் கை.
மைதானத்தை நான் பார்க்கவில்லை.
சனம் கத்தியது. பிறகு கத்தவில்லை.

முகாமையாளர் இருவருக்கும் அரைநாள் சம்பளம் வெட்டினார்.
"வெட்டாத நூலுக்கு எட்டு வருசம் தந்தவங்கள்,
போகட்டும்" என்றா அக்கா.

மறுநாள் முதல் அழைப்பு துணுக்காய்.
"பிள்ளை, விதைநெல்லு கேட்டது. மழையும் கேட்டது.
கிணத்துக்க விழுந்ததோ?"
"ரெண்டில ஒண்டு, அண்ணை."
அவர் பேசவில்லை. அக்காவும் பேசவில்லை.
நான் எண்ணத் தொடங்கினேன்.
அந்தப் பக்கம் மருந்து தெளிக்கிற இரைச்சல் மட்டும்
ஏழு, எட்டு விநாடி.
அதையும் பேச்சென்று எடுத்துக்கொண்டது இயந்திரம்.