மலைக்குப் பசி

காலை நாலு மணிக்கு
கெமியார்வி பள்ளி மைதானத்தில்
என் வண்டியின் விளக்கு மட்டும்தான்.
பனியை அள்ளி ஏரிக்கரையில் கொட்டச் சொல்லும்
நகராட்சித் தாள் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது.
பாதியை அள்ளுவேன்.
மீதியை மூலைக்குத் தள்ளி
மேலே இரண்டு தட்டு.

மதியம் இரண்டுக்கே இருட்டிவிடுகிறது.
ஈரக் காலுறையை உதறிக்கொண்டே
ஹில்யா சொல்கிறாள்:
"அப்பா, எங்க மலை ராத்திரியில வளருது.
அதுக்குப் பசிக்குமாம், ஓட்சோ சொன்னான்.
பாதி ரொட்டியைப் புதைச்சு வச்சிருக்கோம்."

"கணக்குப் போட்டியா?"
"ஏழு பேர் ஏறினோம், நாலு பேர் உருண்டோம்,
ஆர்வோ அழுதான்.
மிச்சம் எவ்ளோ, சொல்லு?"

அவள் அம்மா
சூப்புப் பானைக்குள் குனிந்து சிரிக்கிறாள்.
நான் ரேடியோவைத் திருகுகிறேன்.
இரவு பத்து சென்டிமீட்டர்.

மறுபடி நாலு மணி.
உச்சியில் ஒரு குச்சி,
குச்சியில் ஒற்றைச் சிவப்புக் கையுறை,
ஐந்து விரலும் விறைத்து விரிந்து
என் விளக்கை நிறுத்துகிறது.
வீட்டில் மூன்று நாளாகத் தேடுகிறோம் அதை;
ஹில்யாவும் கட்டிலுக்கடியில் புகுந்து
கூடவே தேடினாள்.

எடுக்கவில்லை.
பின்னால் போய், சுற்றிவந்து
இன்னும் கொஞ்சம் தள்ளினேன்,
ரொட்டி எந்தப் பக்கம் என்று தெரியாததால்
மெதுவாக.