இருபது தப்படி

குய்சோ மலையில் ஐப்பசி வெயிலை நம்பி
யாரும் மிளகாய் காயப்போடுவதில்லை.
விட்டத்தில் சரம் சரமாய்த் தொங்கவிடுகிறார்கள்.
கீழே, வீட்டு நடுவில்,
புகைபோக்கி இல்லாத அடுப்பு.
இரவு முழுக்க நிலக்கரி.
பூண்டு நசுக்கிய வாடை வந்தால்
கரி நன்றாகப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தமாம்,
சொல்கிறாள் சென் யூஃபாங்.

உள்ளங்கையைக் காட்டச் சொன்னேன்.
சோளம் உதிர்க்கும் கையில்
சோளமணி போலவே கெட்டித்த முளைகள்.
அவள் கணவன் பான் தெங்கூ சட்டையைத் தூக்கினான்:
புழுதித் தரையில் தூறல் விழுந்ததுபோல்
முதுகெல்லாம் கறுத்தும் வெளுத்தும் புள்ளிகள்.

அடுத்த வீட்டு வெய் குடும்பத்தில்
ஒருவருக்கும் ஒன்றுமில்லை.
அதே விதை மிளகாய். அதே ஓடைத் தண்ணீர்.
ஒரே குன்று, ஒரே கரிப்படுகை.
"அவர்கள் முன்னோரைப் புதைக்க
நல்ல நிலம் பார்த்தார்கள்" என்றான் பான்.
அருள் வாக்குக்குச் சிரிப்பதுபோல்
நானும் சிரித்துவைத்தேன்.

மறுநாள் சுத்தியலோடு குன்றேறினேன்.
பானின் குழியிலிருந்து வெய்யின் குழிக்கு
என் காலால் இருபது தப்படி.
பதினோராவதில் பாறை வரிசை தப்பியிருந்தது.
பொருந்தாத பல் போல் ஒரு பிளவு,
பானின் பக்கமாய்ச் சாய்ந்து.

கரி மாசில்லாமல்தான் பிறந்தது.
இருபத்தைந்து கோடி ஆண்டுக்கு முன்
இங்கே கடலோரச் சதுப்பு.
மேற்கிலிருந்து எரிமலைப் பாறை கரைந்து
வண்டலாய் வந்துகொண்டிருந்தது.
பெரணி மரங்கள் விழுந்தன,
மட்கக் காற்றின்றி மூழ்கின.
மேலே கடல். அதற்கும் மேலே சுண்ணாம்பு.
அதுவரைக்கும் இரண்டு குழிக்கும் ஒரே கதை.

பிறகு நிலம் மடிந்தது.
ஈரத் துணியை முறுக்கினால்
முறுக்கின் வழியே தண்ணீர் கசியுமே, அப்படி
ஆழத்து வெந்நீர் பிளவு தேடி ஏறிற்று.
அதன் மடியில் கொஞ்சம் தங்கம்,
பாதரசம், ஆண்டிமனி,
பிறகு ஆர்செனிக், அது நிறைய.
தங்கம் வேறோர் மலையில் இறங்கிக்கொண்டது.
அங்கே இப்போது கம்பெனி,
முள்வேலி, இரவிலும் விளக்கு.
மிச்சத்தைக் கரி வாங்கிக்கொண்டது.
யார் வந்தாலும் இடம் கொடுக்கும் சுபாவம் அதற்கு.
பிளவையொட்டிக் கிடந்த கரி மட்டும்.
தள்ளிக் கிடந்ததை அந்த நீர் தொடவேயில்லை.

தமிழில் பாஷாணம் என்றால் கல்.
பாஷாணம் என்றால் நஞ்சும்.
எந்தக் கல்லில் எது என்று
அந்தச் சொல்லுக்கும் தெரியாது.

பான் கேட்டான்: "அப்படியானால் செய்தது யார்?"
பிளவைக் காட்டினேன்.
அதை ஒருமுறை பார்த்தான்,
பிறகு வெய்யின் குழியை,
அங்கே நிரம்பிக்கொண்டிருந்த கூடைகளை.
அன்று மாலை
வெய்யின் வாசலில் போய் நின்றான்.
கேட்கவில்லை, நின்றான்.
வெய் கூடைக்கு ஒரு விலை சொன்னான்.
முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

பழைய குழியை மூடிவிடலாம்.
விட்டத்தில் தொங்கும் இந்த வருஷத்து மிளகாயை?
"தை மாசி வரைக்கும் இதுதான்" என்று
ஏணி போட்டு ஏறினாள் யூஃபாங்.
இருப்பதில் சிவப்பான ஒரு சரத்தை அவிழ்த்து
விருந்தாளிக்கு என்று
இரண்டு கையாலும் நீட்டினாள்.

வாங்கினேன்.
பழக்கம், பையில் போட்டு
வாயை மடித்து ஒட்டி
எண் எழுதினேன்: நாற்பத்தொன்று.
நிமிர்ந்தபோது அவள்
இன்னும் அங்கேயே நின்றாள்,
ஒன்றைக் கடித்துப் பார்த்து
காரம் எப்படி என்று நான் சொல்வேனென்று.