புறா. தொடாதே

போஹும் நகரம், இரவுப் பணி.
ஜன்னலுக்கு வெளியே ட்ராம் தடத்தில் மழை.
திரையில், பிடிபட்டவர்களின் வரிசை.
பிடித்தது நாங்கள்தான்.
பிடித்தது சரிதானா என்று பார்ப்பது என் வேலை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.
அந்த அரண்ட கண்ணைத்தான்
ஆண்டுச் சந்தாவுக்கு விற்கிறோம்.

இன்றைக்கு நாற்பத்தோரு முறையீடுகள்.
ஏதோ ஓர் அச்சுப்பொறியின் இயக்கி,
வரிக்கணக்கு போடும் மென்பொருள்,
பள்ளிக்கூடப் பையன் செய்த பாம்பு விளையாட்டு
(பாம்பென்று பெயர் வைத்தால் யார்தான் கம்பெடுக்க மாட்டார்கள்).

பதினேழாவது, ஹெர்னேயிலிருந்து.
கோப்பின் பெயர் புறாமணி.
அனுப்பியவர் எக்கார்ட் நவ்ரோட்,
ஓய்வுபெற்ற நிலக்கரிச் சுரங்க மின்பணியாளர்.

தன்னைச் சுருட்டி மடித்துக்கொண்டு வருகிறது.
கணினி கண்விழிக்கும்போதே தானும் விழிக்கிறது.
ஒருவரையும் கேட்காமல் ஒரு கதவைத் திறந்துவைத்து
யாருக்காகவோ காத்திருக்கிறது.
அச்சு அசல் திருடனின் நடை.
எங்கள் இயந்திரம் இட்ட பெயர்:
ட்ரோஜன், பொது வகை, 4417.

படிவத்தில் ஒரு கேள்வி உண்டு.
இக்கோப்பு தீங்கற்றது என ஏன் கருதுகிறீர்கள்?
அவர் எழுதியிருந்தார்:
நான்தான் எழுதினேன்.

அது சான்றாகாது.
மார்ச் மாதம் இப்படி ஒன்றை நம்பி விடுவித்தேன்.
ஹாகனில் ஒரு மரப்பட்டறை
ஒன்பது நாள் பூட்டிக் கிடந்தது,
கதவு திறந்தே இருக்க, கணக்கெல்லாம் பூட்டப்பட்டு.
நிறுவனம் அனுப்பிய மன்னிப்புக் கடிதத்தில் என் பெயர் இல்லை.
இருந்திருந்தால் தூங்கியிருப்பேனோ என்னவோ.

ஆகவே பிரித்தேன், மடிப்பு மடிப்பாக.
திறந்த கதவு, புறாக்கூண்டின் வாசல் உணரிக்கு.
காலில் வளையத்தோடு பறவை உள்ளே நுழைய
நொடியைக் குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.
சுருட்டி மடித்தது,
சங்கத்துக் கணினி கிழடு, இடம் போதாது என்பதால்.
சுவரேறிக் குதித்தவன்
சாவியைத் தொலைத்த வீட்டுக்காரன்.

முறையீட்டின் அடியில் நீண்ட கடிதம்.
சனிக்கிழமை ரேகன்ஸ்பர்கில்
முந்நூற்றுப் பன்னிரண்டு புறாக்களைத் திறந்துவிட்டார்களாம்.
பதினொன்று நாற்பதுக்கு நீங்கள் என் நிரலை அழித்தீர்கள்.
பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு ரோஸ்விதா வந்து இறங்கினாள்.
பென்சிலால் எழுதிக் கொடுத்தேன்.
பென்சிலை நடுவர் ஏற்கவில்லை.

பிறகு, வேறு மையில் எழுதினாற்போல் ஒரு பத்தி:
என் புறாக்கள் பிளாஸ்டிக் பையைக் கண்டும் வெடித்துப் பறக்கும்,
பருந்தென்று நினைத்து.
நான் திட்டுவதில்லை.
பையைப் பை என்று பொறுமையாய் யோசித்த புறாக்கள்
இப்போது என்னிடம் இல்லை.
ஆனால் அவை திரும்பி வந்து உட்காரும், அம்மணி.
நீங்கள் எப்போது உட்காருவீர்கள்?

விடுவித்தேன்.
நான்கு வரிப் பதில், வார்ப்புரு எண் ஆறு.
மன்னிப்பு என்ற சொல் அதில் கிடையாது,
சட்டப் பிரிவு எடுத்துவிட்டது.

இருபது நாள் கழித்து மறுபடி பிடிபட்டது.
காற்றின் திசைக்கு அவர் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்.
ஒரு பைட் மாறினாலும் எங்களுக்கு அது வேறு பிறவி.
கேள்விக்கு இம்முறை பதில்:
இப்போதும் நான்தான்.

விதியையே திருத்தினேன்.
விதிவிலக்கின் தலைமேல், அடுத்த ஷிஃப்டுக்காக ஒரு குறிப்பு.
விடியற்காலை நான்கு மணிக்குக் கை
எந்த மொழியில் எழுதும்?
புறா. தொடாதே.

காலையில் வீப்கெ அழைத்தாள்.
உன் திருத்தம் நின்றுவிட்டது,
சோதனைக் கருவி தடுத்திருக்கிறது.
அறியப்படாத எழுத்துகள்,
மறைந்த உள்ளடக்கமாக இருக்கலாம் என்கிறது.
வீட்டு நெற்றியில் நிலைக்கண்ணாடி மாட்டியது போல் சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.
படிவத்தை நிரப்பிவிடு, வழக்கமானதுதான்.

நிரப்புகிறேன்.
பெயர், பிரிவு, வரி எண்.
கடைசிப் பெட்டியில் கர்சர் துடிக்கிறது,
இறங்க இடம் பார்ப்பது போல.